இரண்டு முன்னால், பத்து பின்னால்

என் செல்லச் சண்டைக்கோழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய கார் எங்கள் இருவரையும் விட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் எப்படி இருக்கிறீர்கள், அவனுக்குப் பல் முளைத்துவிட்டதா, ராத்திரியில் தூங்க விடுகிறானா, ஒன்று விடாமல் எழுது. போனில் பேசலாம்தான், ஆனால் நீ பாதி கேட்பதற்குள் பிள்ளை அழுவான், உன் அப்பா பக்கத்தில் நின்று காதை நீட்டுவார், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், நான் பள்ளிக்கூடம் போன அழகு உனக்குத் தெரியாததா.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பழைய காரில் ஏறமாட்டேன், பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறது, விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டியில் வந்துவிடுகிறேன் என்று சொன்னாயே, அதில் தப்பே இல்லை. போன மழையில் நானே அதற்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் உன் அப்பா அதைக் கேட்டதும் ரிப்பேருக்கு வந்திருந்த தையல் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கால் மட்டும்தான் வெளியே தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் கால் கட்டைவிரல் ஆடும், அதுதான் பதில். பேரனைத் தன் காரில்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று மனிதருக்கு ஒரே பிடிவாதம். அதற்காக முன் சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் மாட்டினார், பின்னால் பழைய டிரம்மையே விட்டுவிட்டார். நம் காரில் பிரேக் எண்ணெய் அழுத்தும் சிலிண்டர் வண்டித் தரைக்கு அடியில் தாழ்வாக இருக்கிறதாம், மிதித்த காலை எடுத்தால் எண்ணெய் பள்ளத்துக்குத் திரும்பி வந்துவிடுமாம். அப்படி வராமல் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் பிடித்து வைக்கக் கட்டைவிரல் அளவில் வால்வு உண்டு, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. எனக்கு எதற்கம்மா இதெல்லாம் என்று கேட்காதே, இத்தனை நாளாக எனக்குச் சோற்றோடு சேர்த்து இதைத்தான் பரிமாறினார், நீயும் ஒரு வாய் சாப்பிடு.

அந்த வால்வு ஒன்றில் 2 என்றும் இன்னொன்றில் 10 என்றும் பொறித்திருந்தது. உன் அப்பா மூளையைப் பார். 2 என்றால் இரண்டாவது சக்கரம், அதாவது பின்னால், 10 பெரிசு, முன்னால்தானே வேலை அதிகம், ஆகவே பத்து முன்னால் என்று அவரே தீர்ப்பு எழுதி மாட்டிவிட்டார். வால்வுப் பெட்டியோடு வந்த விளக்கத் தாள் என்ன ஆயிற்று என்றால், ஆடுகிற ஸ்டூலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். முதல் ஓட்டம் முடிந்து ஷெட்டுக்குள் தள்ளச் சொன்னார். ஒரு கையால் நான் தள்ளுகிற வண்டி, அன்றைக்கு இரண்டு கையும் இடுப்பும் கொடுத்தும் அசையவில்லை. முன் சக்கரத்தில் கருகல் வாடை. புதுசு, போகப் போகப் பழகிடும் என்றார். புது மாப்பிள்ளையா பழகுவதற்கு, சக்கரம் அடுப்பு மாதிரி கொதிக்கிறது என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

அன்றைக்கே உனக்கு எழுதச் சொன்னார். "நான் சொன்னா நம்பமாட்டா, நீ எழுது, பிரேக் நல்லாருக்குன்னு" என்றார். எனக்கும் எழுத ஆசைதான், அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். ஆனால் அதில் உட்காரப் போவது குழந்தை. "நல்லாருந்தா எழுதுறேன், இப்ப இல்ல" என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை, தண்ணீர் வேண்டுமானால் சொம்பைத் தட்டுவார். பிறகு அவரே வாயைத் திறந்து, ஒர்க்‌ஷாப்பில் இருந்து உன் மாமாவைக் கூப்பிட்டார், தன் மச்சானைக் கூப்பிடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். மாமா முன் சக்கரத்தில் பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும் திருகை லேசாகத் திறந்தான், எண்ணெய் பீச்சியடித்தது, அதுவரை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த சக்கரம் கை பட்டதும் சுற்றியது. அந்த எண் குழாயில் மிச்சம் நிற்கும் அழுத்தத்தின் அளவு, டிரம்முக்குள்ளே ஸ்பிரிங் இழுக்கும், அதற்குத்தான் பத்து வேண்டும், டிஸ்குக்கு இரண்டு போதும் என்றான். "மச்சான், முன்ன பின்ன யோசிக்கவே மாட்டீங்களா" என்று சிரித்தான். உன் அப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார். நான்தான் விடாமல், நம் வீட்டில் சண்டை முடிந்தால் இவரிடம் இரண்டு மிச்சம் இருக்கும், மகளிடம் பத்து இருக்கும் என்றேன். கோபித்துக்கொள்ளாதே, பன்னிரண்டு என்று சொல்ல வந்து குறைத்துக்கொண்டேன்.

இரண்டையும் இடம் மாற்றி, காற்றெல்லாம் எடுத்த பிறகு, குட்டிப்பயல் உட்காரப் போகும் பின் சீட்டில் நான் உட்கார்ந்தேன், மடியில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றிய குடம். தண்ணீர்த் தொட்டிச் சரிவில் இறங்கும்போது திடீரென்று மிதிக்கச் சொன்னேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது, என் முன்கை மட்டும் நனைந்தது. மூன்று தரம் அப்படியே. திரும்பும்போது வளைவில் பாதிக் குடம் என் மேல் கொட்டியது, அது பிரேக் மேல் குற்றமில்லை, உன் அப்பா பெருமையாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்ததன் குற்றம். அந்தப் பழக்கத்துக்கு இன்னும் வால்வு கண்டுபிடிக்கவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன், பிரேக் நன்றாக இருக்கிறது. இது அவர் சொல்லி எழுதுவது இல்லை.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. விமானம் வரும் நேரத்தை மறக்காமல் எழுது. அப்புறமும் உனக்கு மனசு வரவில்லை என்றால் வாடகை வண்டியிலேயே வா, ஆனால் அதை என்னிடம் மட்டும் சொல். நேற்று உன் அப்பா பின் சீட்டுக்குப் புது பெல்ட் பொருத்திக்கொண்டிருந்தார். பிள்ளையை எந்தப் பக்கம் உட்கார வைப்பாய் என்று உன்னிடம் கேட்கக் கூச்சம், இரண்டு பக்கமும் மாட்டிவிட்டார்.

எப்போதும் உன் வாயாடி,
அம்மா