உன் தங்கை கதவைத் தட்டினாள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் தங்கையும் நலம், நீ அங்கே நலமா என்று வழக்கம்போல ஆரம்பித்தேன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த உன் தங்கை "உன்னை நலம்னு எங்க ஆபீஸ்ல எழுத மாட்டாங்கம்மா" என்கிறாள். எனக்கு உடம்பில் ஒரு வலியும் இல்லை, பயப்படாமல் முழுக்கப் படி.

நம் பக்கத்தில் டைபாய்டு பரவியதை அப்பா எழுதியிருப்பார். உன் தங்கை சுகாதார ஆபீஸில் சேர்ந்த கையோடு அது அவள் தலையில்தான் விழுந்தது. குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள், பால்காரரைப் பிடித்து உலுக்கினார்கள், பாவம் அந்த மனுஷன் தன் மாட்டின் மேல் சத்தியம் செய்தார், ஒன்றும் அகப்படவில்லை. இவள் மட்டும் காய்ச்சல் கண்ட வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், அதற்கு முன்னால் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது, ஒரு வீட்டில் பெரியவர் போயிருந்தார், தையற்காரர் மகள் பரீட்சையில் தேறியிருந்தாள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதல் ஆளாக அங்கெல்லாம் நுழைவது யார்? தூக்குப் பாத்திரத்தில் பழம் நறுக்கிப் போட்ட பாலோடு உன் அம்மாதான்.

ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். கதவோ திறந்தேதான் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் ஆபீஸ் பையும் தானுமாக உன் தங்கை வாசலில் நிற்கிறாள். இது என்னடி கூத்து, உள்ளே வா என்றேன். "ஆபீஸ் வேலையா வந்திருக்கேன், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசுகிறவள். எனக்கு வந்த கோபத்துக்கு, சோதனைக்கென்று அவள் நீட்டிய டப்பாவைத் தெருவில் எறிந்திருப்பேன். அதில் என்ன கொடுக்க வேண்டும் என்று உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீட்டிய கையை மடக்காமல் வெயிலிலேயே நின்றாள், அதைப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன். பெரிய டாக்டர் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றாராம், "எங்கம்மாகிட்ட நானே போறேன் சார், வேற யார் போனாலும் விரட்டி விட்டுடுவாங்க" என்றாளாம். உண்மைதானே.

நான்தான் என்று சோதனையில் வந்துவிட்டது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு வந்த காய்ச்சலின் கிருமி, காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரர் மாதிரி பித்தப்பையில் உட்கார்ந்திருக்கிறதாம். என்னை ஒன்றும் செய்யாது, என் கை பட்டதைக் கொதிக்க வைக்காமல் சாப்பிட்டவர்களுக்குத்தான் வினை. தையற்காரர் மகளுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது, அவள் பிழைத்ததே பெரிது. அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பிறகு நானே அவர்கள் வீட்டுக்குப் போய், என்னால்தான் வந்தது என்று சொன்னேன். அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்னும் பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசமாட்டேன்.

இப்போது சமையல் அப்பா கையில். நான் வாசற்படியில் நின்று அதிகாரம் மட்டும் பண்ணுகிறேன், அப்படியும் உப்பு கூடித்தான் போகிறது. பித்தப்பையை எடுத்துவிட ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறோம். நான் அடுப்படியை விட்டதற்கப்புறம் நம் பக்கத்தில் புதிதாக ஒருவரும் காய்ச்சலில் படுக்கவில்லை. பெற்ற தாய் என்று பார்க்காமல் என் வாசலிலேயே வந்து நின்றாளே, நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது. குழாயடியில் ஒருத்தி என் காதுபட, நோய் இந்தம்மா வயித்துலதான் இருந்துச்சாம் என்றாள். நான் விடுவேனா? "ஆமா, அதைக் கண்டுபிடிச்சவளும் இந்த வயித்துலதான் இருந்தா" என்றேன். குடம் நிரம்புவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்று மறக்காதே. நீ லீவு முடிந்து கிளம்பும்போது நான் பிடித்துக் கொடுத்த உருண்டைகளை அங்கே யாரெல்லாம் சாப்பிட்டார்கள், யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று விசாரித்து எழுது. எனக்கு வேண்டாம், தங்கையின் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. அம்மா மனசு நோகுமே என்று எதையும் மூடி மறைக்காதே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள், அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு என்ன?

நோய்நொடி அண்டாமல் பல்லாண்டு நன்றாக இரு. சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, இது ஆபீஸ் உத்தரவு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற கர்வத்தோடு,
அம்மா