ஈசானிய மூலை

பாப்பாவோட அப்பாவுக்கு,

போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். மழை விட்டுடுச்சி. தெருத் தண்ணி முட்டிக்குக் கீழ இறங்கிடுச்சி. கரிக்கலாம்பாக்கம் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினதுல பாப்பாவுக்கு வயித்தால போறது நின்னுடுச்சி. நீங்க பயப்படாதீங்க.

நம்ம சம்ப்புத் தொட்டித் தண்ணி நாறுது. வாஸ்துப்படி அது ஈசானிய மூலையில, வடகிழக்குலதான் இருக்கணும்னு மேஸ்திரிகிட்ட ஒத்தக்கால்ல நின்னீங்களே, அதேதான். இன்னிக்கு காம்பவுண்டு மேல எட்டிப் பாத்தேன். கிழக்கு வூட்டுக்காரரும் வாஸ்து பாத்து, செப்டிக் டேங்க்கை அவர் மனையோட வடமேற்கு மூலையில கட்டியிருக்கார். நடுவுல ஒரு சுவருதான். வெள்ளத்துல அது ரொம்பி நம்ம சம்ப்புல இறங்கியிருக்கு.

நல்லாத் திட்டணும்னு வாயெடுத்தேன். அப்பதான் நம்ம செப்டிக் டேங்க் ஞாபகம் வந்துச்சி. அதுவும் வடமேற்கு மூலைதான். அதை ஒட்டி, சுவத்துக்கு அந்தப் பக்கம், மேற்கு வூட்டு அருள்மொழியோட சம்ப்பு. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியிலதான் பால் பவுடர் கலக்குறா.

காலையிலேர்ந்து அந்தக் குழந்தை அழற சத்தமே கேக்கலங்க.

எழுந்து போய் அவ கதவத் தட்டணும். அதுக்குப் பயந்துகிட்டுதான் உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா