அறுத்த கைமரங்கள்

நீர் உம்முடைய வீட்டைக் கட்டினது ஊரில் ஆனையிறவுச் சண்டை நடந்த வருசம். அதுக்கு முந்தின மாரியில்தான் பெரும்புயல் அடித்து, இங்கே ஜூட்லாந்தின் ஊசிமரக் காடெல்லாம் சரிந்து கிடந்தது. இன்றைக்குக் காலமை பக்கத்து வளவில் யாரோ பலகை அறுத்தார்கள். பச்சை மரவாசம் யன்னலால் வந்தது. கூடவே நீரும் நினைவில் வந்தீர்.

தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசை. ஊரில் நீர் கட்டிடப்படம் கீறினவர், நான் தச்சன். கிரின்ஸ்டெட் பட்டணத்துக்கு வெளியே காணி வாங்கினதும் நூலகத்துப் புத்தகம் ஒன்றை என் முன்னால் விரித்தீர். நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காக்காரன் ஒருவன் கட்டின வீடுகள். ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. புல்வெளியோடு புல்வெளியாய் நீட்டிப் படுத்திருந்தன. தாழ்ந்த கூரை சுவரைத் தாண்டி நாலடி வெளியே போயிருந்தது.

"இந்த வெளி எப்பிடிப் படுத்துக் கிடக்கு, பாரும். வீடும் அப்பிடிக் கிடக்கோணும்."

"மழைக்குக் குனிஞ்ச மாடு மாதிரியெல்லோ இருக்கு."

"ஓம், அந்த மாடுதான் வேணும்" என்று சிரித்தீர்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கொம்யூன் என்கிற நகரசபைக் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவர் நீர். அப்படியிருந்தும் கூரைக்குக் கைமரங்கள் ஏறின கிழமை, வேலைக்குப் போகும்போது எனக்குக் கடுதாசி எழுதி வைத்துவிட்டுப் போனீர். வாயால் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

உம்முடைய மனிசிதான் வாசித்தா. "கைமரத்தைச் சுவருக்கு வெளியிலை ஒரு அடி விட்டு மிச்சத்தை அறுக்கட்டாம், அண்ணை."

"நாலடி எண்டெல்லோ ஒற்றைக்காலிலை நிண்டவர்?"

"மனம் மாறீட்டுது போலை."

அறுத்தேன். பின்னேரம் நீர் வந்து கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தீர். ஒன்றைக் காலால் தள்ளிவிட்டுப் போனீர்.

பேசினது புதுவீட்டுக் குடிபூரலன்று. கட்டினவனுக்குச் சால்வை போர்க்கிறது எங்கடை முறை. நான் எழும்பி முன்னால் வந்தேன். நீர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தீர்.

"இது வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு. 'நான் வரும்வரை அறுக்க வேண்டாம்' எண்டு எழுதினதை இவருக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

சபை சிரித்தது. நான் உம்முடைய மனிசியைப் பார்த்தேன். அவ நிலத்தைப் பார்த்தா. கடுதாசியை மாற்றி வாசித்திருக்கிறா என்று விளங்கிவிட்டது. வாய் திறந்தால் உம்முடைய குடும்பம் உடையும். மூடிக்கொண்டேன். அதுக்குப் பிறகு கடைவாசலில் கண்டாலும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனீர், சாகும்வரைக்கும். நீர் ஒருக்கால் கேட்டிருக்கலாம்.

அவ போன மாதம்தான் சொன்னா. "நான் சமைக்கிற குசினிக்குள்ளை வெயில் வேணுமெண்டு நினைச்சன், அண்ணை. இந்த நாட்டு மாரியிலை அந்தக் கூரைக்குக் கீழை நான் செத்துப்போவன்."

அவவில் எனக்குக் கோபமில்லை. உம்மில் இருக்கிறது. அதை இறக்கி வைக்க இடமில்லாமல் இன்னமும் சுமக்கிறேன்.

"இதையும் எழுதட்டோ?" என்று கேட்கிறா. "ஒண்டும் விடாமல் எழுது, பிள்ளை" என்றேன். அன்று அந்தச் சபையில் நின்ற ஆட்களில் என்னை விட்டால் இனி உயிரோடு மிச்சம், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற உம்முடைய மனிசி, மலர்.