இல்லாத நோயை வென்றவன்

பிப்ரவரி 4

பஸ் நிலையத்தில் பதினெட்டு வருடம் மைக்கில் கத்தியவன், இன்று தொலைந்த பொருள் கவுண்டரில் மூன்று குடைகளையும் ஒரு ஒற்றைச் செருப்பையும் காவல் காத்தேன். என் மைக்கில் இப்போது பதிவு செய்த குரல் பேசுகிறது. எந்த ஊர் பஸ்ஸானாலும் துக்கம் சொல்வது போலவே சொல்கிறது.

நிலைய விதிப்படி, புற்றுநோய் வந்த தொண்டைக்காரன் ஐந்து வருடம் மைக்கைத் தொடக் கூடாதாம். எனக்கு வந்ததா இல்லையா என்பதுதானே வழக்கே!

பிப்ரவரி 6

வக்கீலம்மா எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தரச் சொன்னார். போன ஜூலையில் தொண்டை கட்டியது. ஆஸ்பத்திரியில் அரிசி அளவு சதை எடுத்து, கேன்சர் என்றார்கள். முப்பத்து மூன்று நாள் ரேடியேஷன். கழுத்து கருகி, எச்சில் வற்றி, குரலும் போனது. பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்காரர்கள், மெழுகில் பதித்து வைத்திருந்த என் மீதிச் சதையை வாங்கிப் பார்த்து, "கத்திக் கத்தி வந்த வீக்கம். கேன்சரே இல்ல" என்றார்கள்.

புகார் கொடுத்தோம். முதல் ஆஸ்பத்திரியின் பதில்: நோய் இருந்தது, முதலில் சீவிய துண்டோடு அது தீர்ந்துவிட்டதால் மீதிச் சதையில் தெரியவில்லை, தொண்டையில் இருந்த மிச்சத்தை எங்கள் சிகிச்சை குணமாக்கியது. அதாவது, நான் நன்றி சொல்ல வேண்டுமாம்!

"அரிசி அளவு சதையில நோய் அவ்வளவு சௌகரியமா ஒரு ஓரமா உக்காந்திருந்துச்சாமா?" என்றாள் மனைவி. கணக்கு டீச்சர். அவளிடம் இப்படியெல்லாம் கதை விட முடியாது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. உனக்கு அது வரவே இல்லை என்று அவர்கள் கைப்பட எழுதித் தர வேண்டும்.

பிப்ரவரி 15

மைத்துனன் என்னிடம் கேட்காமலே, புற்றுநோயை வென்றவர்கள் கூட்டத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டான். மேடையேற்றிக் கோப்பை கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், தலைமுடி இப்போதுதான் முளைக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பாத்தா தெம்பா இருக்குங்க" என்றார்.

எனக்குக் கூசிப் போயிற்று. கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

"சும்மா வந்ததை ஏன் மாமா குடுத்தீங்க?" என்கிறான் இவன். இவனை என்ன செய்வது?

மார்ச் 2

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த முதல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் பரிசோதனை. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். தும்மினேன். டாக்டரின் கண்ணாடி முழுக்க! வழக்கில் இதுவரை நமக்குக் கிடைத்த ஒரே வெற்றி.

மார்ச் 9

ஒருவேளை அவங்க சொல்றதுதான் சரின்னா? உள்ள இருந்து, போயி, திரும்பி வந்தா? காலையில பல் தேய்க்கும்போது லேசா இருமல் வந்துச்சு, கண்ணாடி முன்னாடி வாயைப் பிளந்து பாத்துக்கிட்டே நின்னேன். இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லித் தொலைங்கடா. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நடுவுல தொங்க என்னால முடியல.

மார்ச் 20

விசாரணை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். பாதியில் எனக்கே எனக்குக் கேன்சர் இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அவர்கள் லேபில் மெழுகில் பதித்த சதையைச் சீவும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரியாக நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதற்காக. அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"சீவினதை வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விட்டு, சின்னக் கண்ணாடித் தகட்டுல ஏந்துவோம்ங்க. ஒருத்தரோடது முடிஞ்சதும் தண்ணி மேல காகிதம் போட்டுத் துடைச்சு எடுக்கணும். இல்லேன்னா துணுக்கு மிதந்து, அடுத்தவங்க கண்ணாடியில ஒட்டிக்கும். துடைச்சதும் இந்த நோட்டுல ஒரு டிக் போடுவேன். இவருக்கு முன்னாடி டிக் இல்ல. அதுக்கு முன்னாடி சீவினது இன்னொருத்தரோட தொண்டைச் சதை. அவருக்கு நிஜமாவே கேன்சர்."

பெரிய டாக்டர் தண்ணீர் குடித்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"பயந்துட்டேங்க."

அந்தம்மாவின் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, எழுந்து கும்பிடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணாடியில் இருக்கும் துணுக்கு யாருடையது என்று மரபணுச் சோதனை செய்யச் சொல்லிவிட்டார் அதிகாரி.

ஏப்ரல் 8

என்னுடையது இல்லை. என்னுடையது இல்லை! என்னுடையது இல்லை!!

கொஞ்சம் ஆடியபின் பயம் வந்து, வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்ப நிஜமாவே கேன்சர் இருக்கிற அந்த மனுஷனுக்கு அது தெரியுமா?" தெரியுமாம், அவர் ரிப்போர்ட் அப்போதே சரியாகப் போய், சிகிச்சை முடிந்து வேலைக்குப் போகிறாராம். நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சமரசத்துக்கு வருகிறார்களாம். அந்த லேப் அம்மாவின் வேலையில் கை வைக்கக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னேன். "உங்களுக்கு வக்கீலா, அவங்களுக்கு வக்கீலா நான்?" என்று அலுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 17

கடிதம் வந்துவிட்டது. 'தங்களுக்குப் புற்றுநோய் எக்காலத்திலும் இருக்கவில்லை. எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்.' நகல் பஸ் நிலைய மேலாளருக்குப் போயிற்று. திங்களன்று மைக் எனக்கு. ரேடியேஷனில் வெந்த குரல் பழையபடி வராதாம், கரகரவென்றுதான் வரும். பஸ் எப்போது கிளம்பும் என்று சொல்ல அது போதும்.

மாலையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் கடிதத்தை வாங்கி, தானும் இரண்டு தடவை படித்தாள். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஆரம்பித்தாள். ஆகஸ்டில் நான் உடைத்த ஜாடி, அக்டோபரில் மறந்த கரண்ட் பில், குறட்டை, மைத்துனனோடு அடித்த அரட்டை, சாப்பாட்டில் சொன்ன குறை — தேதி வாரியாக, ஒன்று விடாமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூலையிலிருந்து இவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாகப் போகிறவனை எப்படித் திட்டுவது என்று அத்தனையையும் உள்ளேயே போட்டு வைத்திருந்திருக்கிறாள்.

"என்ன சிரிப்பு? நான் இங்க தொண்டை வத்தக் கத்துறேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினாள். நான் ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் பட்டியலில் இன்னும் டிசம்பரே வரவில்லை.