அவர் பெயர் இல்லாத கட்டுரை

1957 ஆடி, வெள்ளி இரவு.

என் புருஷன் மௌத்தாகி நான் இத்தாவில் இருக்கிறேன்; நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்க வேண்டும். அவருடைய தங்கை மகன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கட்டுரையைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து வாசித்தான். கடலைப் பற்றி அவர் அவனுக்குச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ‘மீனவர் கூறுவர்’ என்றுதான் போட்டிருந்தான்.

“மாமாட பேர் எங்க மகன்?”

“புத்தகம் எழுதின ஆக்கள்ற பேரத்தான் மாமி போடுற. வாயால சொன்னதுக்குப் போடேலா.”

“அவருக்கு எழுதத் தெரியாதே.”

“ஓம் மாமி, அதான்.”

“கடல் கறுத்தா வலையத் தொடாத” என்பார். அதையும் ‘கடல் கறுப்பின் வலை வீசார்’ என்று திருத்திவிட்டான். அவர் குரலே அதில் இல்லை.

நாளைக் காலை பஸ்ஸில் கட்டுரையைக் கொண்டுபோகிறான். திரையை விலக்கிப் பறித்திருப்பேன். இத்தாவில் இருப்பவள் அவன் முன்னால் போகலாமா?

ஆதம்பாவா. அவர் பெயரை நானாவது இங்கே எழுதிவிட்டேன். இதை யார் வாசிக்கப் போகிறார்கள்.