நான் உனக்குச் சொல்லாத அல்பேனியா

போன ஞாயிறு காலைப் பேப்பரை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு விளம்பரத் தாள் வழுக்கி விழுந்தது. ஏதோ சுற்றுலாக் கம்பெனி. நீலக் கடல், வெள்ளை மணல், பின்னால் மலை. மத்தியதரைக் கடலோரத்தில் அதிகம் பேர் அறியாத அழகு நாடாம். பெயரைப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அல்பேனியா.

மருமகள் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீது. நீங்க கப்பல்ல போன ஊரா மாமா?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எழுபதுகளில் ஒரு கோடைக்காலம் அது. நீ கல்மண்டபம், நான் திருவொற்றியூர்; இருவருக்கும் ஒரே சரக்குக் கப்பலில் வேலை. நீ மேல்தளத்தில் கயிறு இழுத்தாய், நான் கீழே இன்ஜின் ரூமில் எண்ணெய் விட்டேன். குரோம் தாது ஏற்ற அந்தத் துறைமுகத்துக்குள் நுழையுமுன் கேப்டன் எல்லோரையும் கூட்டி எச்சரித்தார். இந்த நாட்டில் சாமி கும்பிடுவது சட்டப்படி குற்றம். ஜெபமாலை, படம், புத்தகம் எதுவும் கரைக்குப் போகக்கூடாது. ஊர்க்காரர்களிடம் பேச்சு வேண்டாம். நீ கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்தாய். "இன்னா நைனா, சாமிக்கே லீவு வுட்டுட்டானுங்களா?" என்று சிரித்தாய். கூட யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் துறைமுகத்தார் நம்மில் எட்டுப் பேரை பஸ்ஸில் ஊர் காட்டக் கூட்டிப்போனார்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் கூடவே வந்தார். இங்கிலீஷ் பேசுவார், சிரிக்கமாட்டார். முதலில் கடற்கரை. அத்தனை நீள மணலில் ஓர் ஆளில்லை. கவிழ்த்த சட்டிகள் போலக் கான்கிரீட் காவல் கூண்டுகள் கடலைப் பார்த்துக் கிடந்தன. "இவ்ளோ மணல் நம்மூர்ல இருந்தா எத்தினி வலை காயப் போடலாம்!" என்று பெருமூச்சு விட்டாய். பிறகு பஸ் மலையேறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

மேலே ஒரு சிற்றூரில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். குழாயடிக்கு எதிரே ஒரு பழைய கல் கட்டடம். உள்ளே பந்து தட்டும் சத்தம். நீ அண்ணாந்து பார்த்தாய். வளைந்த சன்னல்கள், உச்சியில் சிலுவையை உடைத்து எடுத்த தடம். ராயபுரத்தில் பஸ்ஸைத் துரத்தி ஓடும்போதுகூட மாதா கோயிலைத் தாண்டினால் உன் கை தானாக நெற்றிக்குப் போகுமே, அப்படியே போனது. நெற்றி, மார்பு, இரண்டு தோள்.

குழாயில் தகர டின் பிடித்துக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும், தலையில் துணி கட்டியிருந்தாள். டின் கையிலிருந்து நழுவியது. அவள் கையும் நெற்றிக்குப் போய் மார்புக்கு இறங்கி, தோள்களைத் தொட்டது. டின் உருண்ட சத்தத்தில் கோட்டுக்காரர் திரும்பினார். அவள் கை இறங்குவதை அவர் பார்த்தார். எதிரே கடையில் நின்ற ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

பஸ்ஸில் நீ என் தொடையைக் கிள்ளினாய். "கேட்டா, அந்தப் பொம்பள தலைத்துணிய சரி பண்ணிகினான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத, மாமு." நான் சரி என்றேன்.

துறைமுகத்தில், குழாயடியில் நின்ற நம் இருவரையும் தனித்தனியாக அழைத்தார்கள். நீ உள்ளே போய் அரைமணி நேரம் ஆயிற்று. உன்னை வேறு கதவு வழியாக அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் நம் இருவரின் கப்பல் அடையாளப் புத்தகங்களும் இருந்தன. அதிகாரி கேட்க, கோட்டுக்காரர் மொழிபெயர்த்தார். உன் கையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. தங்கள் ஊர்க்காரியின் கைதான் வேண்டியிருந்தது.

"தலைத்துணியைச் சரிசெய்தாள்" என்றேன்.

"உன் நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். நீயும் சொன்னால் கப்பலுக்குப் போகலாம். பொய் சொன்னால் கப்பல் போகும், நீ போகமாட்டாய்."

நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே இதைச் செய்தேன். அங்கே திருவொற்றியூரில் என் மனைவிக்கு ஏழாவது மாதம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தலையசைத்தேன்.

"என்ன செய்தாள்? காட்டு."

காட்டினேன். நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள். பட்டினத்தார் சமாதிப் பக்கம் விபூதி பூசி வளர்ந்த நான், வாழ்நாளில் ஒரே ஒரு முறை சிலுவை போட்டது அந்த அறையில்தான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே நீ உதடு வறண்டு நின்றிருந்தாய். "இன்னா சொன்ன?"

"நீ சொன்னதத்தான்."

அப்படியே கட்டிக்கொண்டாய். "என் கை செஞ்ச தப்பு. நீ நின்னு அவள காப்பாத்திட்ட, மாமு." நீ அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அதை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாய்! டீக்கடையில், என் மகள் கல்யாணப் பந்தியில், உன் பேரப்பிள்ளைகளிடம். "என் தோஸ்து மட்டும் அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாய். ஒவ்வொரு முறையும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாய். போன தவக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் சொன்னாய். "அவ உயிரோட கீறாளோ இல்லியோ. நாம காட்டிக் குடுக்கல. அது போதும்." உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நர்ஸ் ஊசி போட வந்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன். மறுநாள் நீ இல்லை.

அந்த ஞாயிறு மாலை உன் மகள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா கிட்ட சொல்லியிருக்கணும் சித்தப்பா" என்றாள்.

அதனால் சொல்கிறேன். நீ அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் காட்டிக்கொடுத்தேன். பிறகு அவளை என்ன செய்தார்களோ, இன்றுவரை தெரியாது. இன்னும் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து பஸ் கிளம்பியபோது நீ தலைகுனிந்திருந்தாய். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, அவள் நிமிர்ந்து சன்னலோரம் இருந்த என்னைப் பார்த்தாள். உன்னோடு வந்த நானும் உன்னைப் போலச் சிலுவை போடுகிறவன், காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று நம்பிப் பார்த்தாள்.