தலையால் தாங்கிய சீலிங்

பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழைய துணி எடுத்து வைக்கலாம் என்று இன்று காலை பீரோவைத் திறந்தேன். உங்கள் வேட்டியை உதறியதும் மடிப்பிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. ஜிப்சம் மாவு. சுண்ணாம்பும் காகிதமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, கூடவே கோபமும் வந்தது. பீரோவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். திட்டுவதற்காகத் திரும்பியும் விட்டேன். நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மகள் பிரசவத்துக்கு வந்து முன்னறையில் படுத்திருக்கிறாள். நீங்கள் பாதியில் விட்டுப்போன சீலிங் அவள் தலைக்கு மேலே இருக்கிறது. அதைப் பிரிக்க விடமாட்டேன் என்று உங்கள் தம்பியோடு நான் போட்ட சண்டையை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

மேல்காரை உதிர்ந்து உங்கள் சாப்பாட்டுத் தட்டில் விழுந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. போன் வீடியோவில் ஒருவன் விசிலடித்துக்கொண்டே ஜிப்சம் போர்டு மாட்டுவதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஆள் எதற்கு, நாமே போட்டுவிடலாம் என்றீர்கள். பல்பு மாற்றக்கூட என்னை ஸ்டூல் பிடிக்கச் சொல்கிற மனிதர். தகரச் சட்டங்களை மேலே முடுக்கியதுவரை சரிதான். முதல் போர்டைத் தூக்கியபோதுதான் அதைத் தாங்க முட்டுக்கம்பு வேண்டும் என்று தெரிந்தது. வீடியோக்காரனிடம் முட்டுக்கம்பு இருந்தது, உங்களிடம் நான் இருந்தேன். துண்டைச் சும்மாடாகச் சுருட்டி என் தலையில் வைத்துக் கட்டில்மேல் ஏற்றி நிறுத்தினீர்கள். தண்ணீர்க்குடம் சுமந்த தலைதானே என்று சமாதானம் வேறு.

"அசையாதட்டி."

"என் தலையையும் சேத்து முடுக்கிராதீங்க" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் திருகாணி போர்டின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அன்று நாம் சிரித்ததுபோல் கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை.

போர்டுகளைச் சுவரோடு நெருக்கி அடித்துவிட்டு, எறும்பு நுழைய இடமில்லை என்று பெருமைப்பட்டீர்கள். இனி இணைப்புகளில் டேப் ஒட்டி, அது தெரியாமல் மூடப் பட்டி மாவைக் குழைத்துப் பூச வேண்டும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் நம் சுவரும் அதிரும், பூசும் கை நிற்காது. அதனால் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தறியை நிறுத்தும்வரை காத்திருந்தீர்கள். ஊரே தபசுக் காட்சி பார்க்கப் போனபோது நாம் கதவைச் சாத்திக்கொண்டு பட்டி பூசினோம். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து ரசித்தீர்கள். திருவிழா முடிந்து தறி ஓடத் தொடங்கியது. நாம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இணைப்பு நெடுக ஒரு விரிசல் ஓடியது.

தறியை நம் சுவரைவிட்டுத் தள்ளிப் போடச் சொல்லப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் போனீர்கள். நீங்கள் வீடு வாங்குவதற்கு முன்பிருந்தே ஓடுகிற தறி என்று அவர் சிரித்தாராம். திரும்பி வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றீர்கள்.

"செவரு ஆடத்தான் செய்யும். நாமதான் அதுக்கு எடம் விடல" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து சுவரோரமாகப் போர்டை அறுத்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடத் தொடங்கினீர்கள். மூன்று பக்கம் முடிந்தது. நான்காவது பக்கத்தைத் தொடுவதற்குள் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்து அந்தச் சீலிங்கின் கீழேதான் கிடத்தினோம். வந்தவர்கள் அழுதுவிட்டு, விரிசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகளுக்கு வளைகாப்பு முடிவானதும் உங்கள் தம்பி வந்தார். கடையநல்லூரில் துபாய்க்குப் போய் இதே வேலை பார்த்துத் திரும்பிய ஆள் இருக்கிறாராம், எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போடுவாராம். "பிள்ளத்தாச்சி மேல விழுந்தா என்ன செய்வீய மதினி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அவரையே ஸ்டூலில் ஏற்றி ஒவ்வொரு போர்டாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் அசையவில்லை. கெட்டியாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். மிச்சத்தை நானே முடிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை தாண்டியதும் உங்கள் ரம்பத்தைத் தேடி எடுத்தேன்.

தறி ஓட ஓடத்தான் வேலை செய்தேன். நான்காவது பக்கத்தை ரம்பத்தால் அறுத்தேன். விரிசல் ஓடிய இடத்தில் மட்டும் பழைய பட்டியைச் சுரண்டிவிட்டுப் புது டேப் ஒட்டினேன். முதலில் குழைத்த பட்டி தண்ணீராகி முகத்தில் வழிந்தது, அடுத்தது வாளியிலேயே இறுகிப்போனது. காய்ந்ததா என்று பொறுக்கமாட்டாமல் தொட்டுத் தொட்டு விரல் பதிந்த இடத்தையெல்லாம் மறுபடி பூசினேன். இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே என்று உங்களை ஏசிக்கொண்டேதான் பூசினேன். ஏச்சு நின்றால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

மகள் வந்து சேர்ந்தாள். தறியும் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை விரிசல் இல்லை. சற்றுமுன் அவள் மல்லாந்து படுத்தபடி கேட்டாள்: "எம்மா, இதுல அப்பா பூசுனது எது, நீ பூசுனது எது?"

காட்டலாம் என்று அண்ணாந்து பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் பூசியது மேடும் பள்ளமுமாக இருக்கும், எனக்கு ஒவ்வொரு இடமும் மனப்பாடம். அதன்மேல் முழுக்கப் பூசி, எல்லாவற்றையும் நான்தான் நிரவித் தேய்த்துவிட்டேன். வேறு யாரும் உங்கள் வேலையைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டவள், உங்கள் கை பட்ட தடம் ஒன்றுகூட இல்லாமல் மூடியிருக்கிறேன். அந்த நிமிடம் எல்லாவற்றையும் சுரண்டிப் பார்த்துவிடலாமா என்று இருந்தது.

"எல்லாம் அப்பா பூசுனதுதான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். வயிற்றில் கை வைத்தபடி, உள்ளே இருப்பதிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இனி இந்த வீட்டில் அது அப்படியே இருக்கட்டும். இதே கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால், எல்லாம் நான் பூசியதுதான் என்று உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.